பருத்திப்பட்டு முருங்கைக்காய்க்கு விதித்த தடை

மண்ணூர்பேட்டை,
ஞாயிற்றுக்கிழமை.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை விக்ரம் அவர்களுக்கு,

மாமனார் எத்திராஜ் எழுதுவது. இங்கு நானும் உங்கள் மாமியார் சரசாவும் உடம்பளவில் சௌக்கியம். மற்ற அளவுகளைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கனடாவில் நீங்களும் எழிலரசியும் பேரன் கிஷோரும் குளிருக்குத் தலையில் துணி கட்டிக்கொண்டு நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம். கிஷோருக்குத் தமிழில் இரண்டு வார்த்தை கூடியிருந்தால் சந்தோஷம். அவை இரண்டும் கட்சிப் பெயராக இல்லாமல் இருந்தால் இன்னும் சந்தோஷம்.

போனில் தட்டினால் அடுத்த நொடி போய்ச் சேரும் காலத்தில் இந்த மனிதர் ஏன் ஸ்டாம்பு ஒட்டிக்கொண்டிருக்கிறார் என்று நினைப்பீர்கள். எனக்கு வேறு வழியில்லை. குடும்ப வாட்ஸாப் குரூப்பிலிருந்து என் மகளே என்னை வெளியேற்றிவிட்டாள். உங்கள் அப்பா, அதாவது என் சம்பந்தி தங்கவேல், என்னை வெளியேற்றியதைக் கண்டித்துத் தானாக வெளியேறினார் என்று முதலில் நினைத்து மகிழ்ந்தேன். பிறகு விசாரித்ததில், என்னை வெளியேற்றத் தாமதம் ஆனதைக் கண்டித்து வெளியேறினாராம். போன் போட்டுப் பேசலாம் என்றால் உங்கள் வீட்டில் போன் எப்போதும் அடுப்பங்கரை மேடையில் ஸ்பீக்கரில் கிடக்கிறது. நான் உங்களிடம் ஒரு வார்த்தை சொன்னால், பின்னாலிருந்து தாளிக்கும் சத்தத்தோடு “நைனா, நீ சொல்றது தப்பு” என்று எழிலரசி குரல் வருகிறது. கடிதத்துக்கு ஸ்பீக்கர் கிடையாது. அதனால் எழுதுகிறேன்.

எல்லாம் தொடங்கியது உங்கள் ஊர்த் தேர்தலின்போது. வீடியோ காலில் நீங்கள் கிஷோரை வாசல் புல்தரையில் நடக்கவிட்டுக் காட்டினீர்கள். குழந்தைக்கு வலப்பக்கம் ஒரு சிவப்பு போர்டு, இடப்பக்கம் ஒரு நீல போர்டு. உங்கள் மாமியார் பதறிப்போய், “இன்னாடி எழிலு, வாசல்ல ரெண்டு போர்டு நட்டு வெச்சிகீறீங்க. ஊட்டை விக்கப் போறீங்களா?” என்று கேட்டாள். சிவப்பு உங்கள் கட்சி என்றும் நீலம் தன் கட்சி என்றும், இருவருக்கும் குடியுரிமை வந்துவிட்டதால் ஆளுக்கொரு கட்சியில் வேலை செய்வதாகவும், அங்கெல்லாம் இது சகஜம் என்றும் எழிலரசி விளக்கினாள். “அப்போ சமையல் எந்தக் கட்சி?” என்று உங்கள் மாமியார் கேட்டாள். அதற்குப் பதில் வருவதற்குள் லைன் கட்டாகிவிட்டது. அது நெட்வொர்க் தகராறா, வீட்டுத் தகராறா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு உங்கள் போட்டோ ஒன்று வந்தது. சிவப்புச் சட்டைக்காரர்கள் ஒரு கூட்டம், நடுவில் நீங்கள், எல்லோரும் முழங்கையை மடக்கித் தோளுக்கு மேல் தூக்கியபடி. உங்கள் மாமியார் அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “மாப்ளைக்குக் கை எறங்கல போல கீதே. பனி வாரித் தள்றாரே, அதுல புடிச்சிகினு இருக்கும்” என்று கண்கலங்கினாள். அன்றே நாட்டு மருந்துக் கடைக்குப் போய்ப் பெரிய பாட்டில் நிறைய முறிவெண்ணெய் வாங்கினாள். எதிர் பிளாட்டில் இருக்கும் அருள்மொழி ஐ.டி. வேலையாக உங்கள் ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. கெஞ்சிக் கூத்தாடி அதன் பெட்டியில் பாட்டிலைத் திணித்தாள். விமானத்தில் மூடி கழன்று, ஆபீஸுக்கு என்று அந்தப் பெண் எடுத்துப்போன கோட்டு சட்டை எல்லாம் முறிவெண்ணெய் ஆகிவிட்டன. திரும்பி வந்ததிலிருந்து லிப்டில் எங்களைப் பார்த்தால் அருள்மொழி படியேறிப் போகிறது. பிறகுதான் எழிலரசி சொன்னாள், ஐஸில் ஆடும் ஹாக்கியில் எதிராளி கிட்டே வந்தால் முழங்கையைத் தூக்கி மறிப்பார்களாம். அமெரிக்கா கனடாச் சரக்குக்கு வரி போட்டதால் ‘நாங்களும் முழங்கையைத் தூக்குவோம்’ என்று உங்கள் பக்கம் கிளம்பியிருக்கிறதாம். “அது வலி இல்லம்மா, கொள்கை” என்றாள். “கொள்கைக்கு எண்ணெய் தேவையில்லையா?” என்று உங்கள் மாமியார் கேட்டாள். கேட்டது வெள்ளந்தியாகத்தான்.

நான் சிவப்புக் கட்சியானதற்குக் காரணம் வேறெதுவும் இல்லை, மாப்பிள்ளை. மாப்பிள்ளை எந்தக் கட்சியோ மாமனாரும் அந்தக் கட்சி. அதில் யோசிக்க என்ன இருக்கிறது? பட்டறை வேலைக்குப் போகும் என் மகன் பரத் என்னிடம் ஒரு நாளைக்குப் பேசுவது “சாவி எங்கே” என்பது மட்டும்தான். நீங்கள்தான் என்னை “மாமா, நீங்க என்ன நினைக்கிறீங்க” என்று கேட்கிறவர். நானும் ரப்பர் கம்பெனி ஸ்டோர்ஸில் காலம் முழுக்கச் சரக்கு வந்தது போனது பார்த்தவன்; இறக்குமதி, ஏற்றுமதி என்ற வார்த்தைகளைக் கேட்டாலே காது நிமிரும். இதே கதைதான் பருத்திப்பட்டில் உங்கள் வீட்டிலும் நடந்திருக்கிறது. உங்கள் அப்பாவுக்குப் பெண் குழந்தை இல்லை. எழிலரசி போன் போட்டு “மாமா, சாப்டீங்களா, கால் வீக்கம் வத்திச்சா” என்று கேட்டுவிட்டு, அப்படியே தேர்தலில் ஜெயித்த உங்கள் கட்சிப் பிரதமர் செய்த தப்புகளையும் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறாள். கால் வீக்கம் வற்றுவதற்குள் அவர் முழு நீலமாகிவிட்டார். ஆக, உங்கள் கட்சிக்கு நான் வக்கீல், என் மகள் கட்சிக்கு உங்கள் அப்பா வக்கீல். பெற்றவர்கள் இப்படிக் குறுக்காக உட்கார்ந்திருப்பது பெற்ற பிள்ளைகளுக்குக்கூடச் சரியாகத் தெரியாது என்று நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்கரையில் நடந்துவிட்டு, வீட்டு மரத்து முருங்கைக்காயை ஒரு கட்டு கட்டி மொபெட்டில் வைத்துக்கொண்டு உங்கள் அப்பா எங்கள் வீட்டுக்கு வருவது வழக்கம். நாங்கள் டீ குடிப்போம். அவர் போகும்போது உங்கள் மாமியார் கருவாட்டுக் குழம்பும் எலுமிச்சை ஊறுகாயும் கொடுத்தனுப்புவாள். எந்த ஒப்பந்தமும் கையெழுத்தாகாமல் இந்த வியாபாரம் உங்கள் கல்யாணத்திலிருந்து நடந்துகொண்டிருந்தது. அதைக் கெடுத்தது உங்கள் அரசாங்கம். தப்பாக நினைக்க வேண்டாம், நான் நடந்ததைச் சொல்கிறேன். ஆவணி மாதத்தில் ஒரு நாள் காலை வீராசாமி டீக்கடையில் நான் உங்கள் கட்சிக்காகப் பேசினேன். அமெரிக்கா வரி போட்டால் நாமும் பதில் வரி போடுவதுதான் சுயமரியாதை என்று பெஞ்சு அதிரப் பேசினேன். கேட்டவர்களுக்குக் கனடா எந்தத் திசை என்று தெரியாது. ஆனால் சுயமரியாதை என்ற சொல்லுக்கு எல்லோரும் தலையாட்டினார்கள். வீராசாமி எனக்கு டீயில் ஒரு கரண்டி சர்க்கரை கூடப் போட்டான். நல்ல பேச்சு என்று வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, படுத்து எழுந்து போனைப் பார்த்தால், அந்தப் பதில் வரிகளில் பெரும்பகுதியை உங்கள் அரசாங்கமே எடுத்துவிடப் போகிறதாம். காலையில் பேசிய மனிதனுக்கு ஒரு தகவல் கொடுத்துவிட்டு எடுத்திருக்கலாம். சாயங்காலம் உங்கள் அப்பா, ஞாயிற்றுக்கிழமை இல்லாத நாளில், முருங்கைக்காய் இல்லாமல், சிரித்த முகத்தோடு வந்தார்.

“இன்னா சம்மந்தி, முழங்கை எறங்கிடுச்சா?”

“எறங்கல. பேச்சுவார்த்தைக்கு வழி வுடறாங்க. அதுக்குப் பேரு ராஜதந்திரம்.”

“காலைல சுயமரியாதைன்னு சொன்னீங்களாமே.”

“காலைல சுயமரியாதை, சாயங்காலம் ராஜதந்திரம். கவர்மென்ட்டுன்னா ரெண்டும் கையில வெச்சிகினு இருக்கணும்.”

“பேசி இன்னா கெடைச்சிது? வரியை எடுத்தாச்சு, ஒப்பந்தம் வரல. எங்க மருமவ அப்பவே சொல்லிச்சி.”

“பதில் வரி இருந்தப்போ வெலவாசி ஏறுதுன்னு கத்துனது உங்க கட்சி. எடுத்தா மண்டி போட்டாங்கன்னு கத்தறதும் உங்க கட்சி. வெச்சாலும் தப்பு, எடுத்தாலும் தப்பா?”

“எதிர்க்கட்சின்னா அதான் சம்மந்தி வேலை. எங்க மருமவ சொன்னா கரெக்டா இருக்கும்.”

“உங்க மருமவ என் பொண்ணு.”

“பொண்ணுன்றதால நீங்க காதுல வாங்கல. மருமவன்றதால நான் வாங்கறேன்.”

இதுவரை நியாயமாகத்தான் போயிற்று. அதற்கு மேல் அவர், “என் புள்ளைக்கு வெவரம் பத்தாது, கூட்டத்தோட கூட்டமா கையைத் தூக்கிகினு நிக்கிறான்” என்றார். மாப்பிள்ளை, உங்களைக் குறை சொல்ல உங்களைப் பெற்றவருக்குக்கூட என் வீட்டில் உரிமை கிடையாது. நான் எழுந்துவிட்டேன். கோபத்தில் நானும், “எழிலுக்குச் சின்ன வயசுலேர்ந்தே வாய் நீளம்” என்று சொல்லிவிட்டேன். அவரும் எழுந்துவிட்டார். “என் மருமவளை அவங்கப்பன் பேசினாலும் நான் கேட்டுகினு இருக்க மாட்டேன்” என்றார். பாதி டீ டம்ளரிலேயே நின்றது. டீயை வைத்துவிட்டுப் போவது எங்கள் பக்கத்தில் சாதாரண விஷயமில்லை.

அன்றைக்கே நான் வீட்டில் அறிவித்தேன்: பருத்திப்பட்டிலிருந்து ஒரு முருங்கைக்காய்கூட இந்த வீட்டுக்குள் வரக்கூடாது, இங்கிருந்து ஒரு சொட்டு கருவாட்டுக் குழம்பும் அங்கே போகக்கூடாது. உங்கள் மாமியார் அரிசி களைந்துகொண்டே “சரி” என்றாள். அவள் இவ்வளவு சீக்கிரம் சரி என்றபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அந்தப் பக்கமிருந்து பதிலடி உடனே வந்தது. தை மாதம் நீங்கள் வரும்போது கிஷோருக்கு எங்கள் வீட்டில் காது குத்துவது என்றும், விருந்துக்குப் பிரியாணி போட உங்கள் அப்பா வீட்டுப் பெரிய தேக்சாப் பாத்திரம் வருவது என்றும் பேசியிருந்தோமல்லவா, அந்தத் தேக்சா பருத்திப்பட்டு எல்லையைத் தாண்டாது என்று சொல்லியனுப்பினார். காது குத்துவதானால் தன் வீட்டில், தன் தேக்சாவில், தன் ஆட்களோடு என்றார். “குழந்தை உக்காரப்போறது தாய்மாமன் மடியில. தாய்மாமன் எங்க ஊட்டுல கீறான்” என்று நான் பதில் அனுப்பினேன். “மடியை இங்க அனுப்புங்க” என்று அவர் சொன்னாராம். இந்தத் தூதெல்லாம் போனது பரத் மூலமாக. அவன் இரண்டு பக்கத்துச் செய்தியையும் ஒரே முகத்தோடு சொல்லிவிட்டு “சாவி எங்கே” என்று போய்விடுவான்.

தடை போட்ட பிறகும் எங்கள் வீட்டுச் சாம்பாரில் முருங்கைக்காய் மிதந்தது. கேட்டேன். மார்க்கெட்டில் வாங்கியதாக உங்கள் மாமியார் சொன்னாள். நான் அதை நம்பியதோடு நிற்கவில்லை. வீராசாமி கடைக்குப் போய், பருத்திப்பட்டுக் காயை நிறுத்தியது எவ்வளவு நல்லது, நம் பக்கத்துக் காய் எவ்வளவு சதைப்பற்று, உள்ளூர்ச் சரக்கை ஆதரித்தால் என்ன நடக்கும் என்பதற்கு என் வீட்டுச் சாம்பாரே சாட்சி என்று பேசினேன். பேசிய வாரத்திலேயே மாத்திரை வாங்க அம்பத்தூர் ஓ.டி. மார்க்கெட் பக்கம் போனேன். பழக்கடை ஓரமாக இரண்டு பெண்கள் ஆளுக்கொரு கூடை மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி என் மனைவி. இன்னொருத்தி உங்கள் அம்மா வேம்புலியம்மாள். நான் கரும்பு ஜூஸ் வண்டிக்குப் பின்னால் நின்றேன்.

“உங்காளு இன்னா சொல்றாரு அண்ணி?” என்று உங்கள் அம்மா கேட்டார்கள்.

“இன்னா சொல்வாரு. கனடாவைக் காப்பாத்திகினு கீறாரு. உங்காளு?”

“அவரும் அதான். காலைல பல்லு வெளக்கறதுக்கு மின்னாடியே ஆரம்பிச்சிடறாரு. குழம்புல காரம் கொஞ்சம் தூக்கலா கீதுன்னாரு போன தபா.”

“அவரு எங்க ஊட்டுக் குழம்பைத் துன்றதில்லன்னு சபதம் போட்டாராமே?”

“இது என் தங்கச்சி ஊட்டுக் குழம்புன்னு சொல்லிகீறேன். அவ கைப்பக்குவம் இப்போதான் திருந்திச்சின்னு சந்தோசப்படறாரு.”

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் உங்கள் அப்பாவும் ஏமாந்துகொண்டிருக்கிறார் என்று கேட்டதும் ஒரு ஆறுதல் வந்தது. ஜூஸ் குடித்துவிட்டு, எதுவும் பார்க்காதவனாக வீட்டுக்கு வந்து, சாம்பாரை இரண்டாம் முறை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டேன். என் தடை அன்றோடு முடிந்தது என்று நீங்கள் நினைக்கலாம். இல்லை. கொள்கை அளவில் அது தொடர்ந்தது.

இதற்கிடையில்தான் குரூப்பில் அந்தச் சண்டை நடந்தது. அதில் நான் போட்ட ஒரு செய்திக்காகத்தான் வெளியேற்றப்பட்டேன். கனடாவும் இந்தியாவும் முறைத்துக்கொண்டு தூதர்களைத் திருப்பி அனுப்பிய பிறகு, மறுபடி தூதர்களை வைத்துக்கொண்டதை உங்கள் கட்சியின் பெரிய சாதனை என்று எழுதினேன். முறைத்துக்கொண்ட சமயத்திலும் உங்கள் கட்சிதான் ஆண்டது என்று எழிலரசி எழுதினாள். அதற்கு நான், சண்டையும் நாங்களே போட்டு சமாதானமும் நாங்களே செய்வதற்குத் தனித் திறமை வேண்டும், நீலக் கட்சிக்கு ஒன்றுகூட வராது என்று எழுதினேன். கீழே ஒரு சிரிக்கும் பொம்மையும் போட்டேன். அந்தப் பொம்மைதான் அவளைப் புண்படுத்தியது என்று பிறகு தெரிந்தது. பெற்ற மகள் என்னை ஒரு விரலால் வெளியே தள்ளிவிட்டாள். அதை நான் உங்கள் மாமியாரிடம்கூடச் சொல்லவில்லை.

தை நெருங்க நெருங்க பெண்கள் இருவரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். மண்ணூர்பேட்டையும் வேண்டாம், பருத்திப்பட்டும் வேண்டாம், இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத குமணன்சாவடியில் ஒரு டிபன் கடையில் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். இல்லாவிட்டால் இரண்டு வீட்டிலும் அடுப்பு பற்றாது என்றார்கள். நான் ஒப்புக்கொண்டதற்கு அடுப்பு காரணமில்லை. பெரிய தலைவர்களே மூன்றாவது ஊரில்தான் பேசுகிறார்கள் என்பதால் ஒப்புக்கொண்டேன். பரத் என்னைத் தன் பைக்கில் உட்காரவைத்து ஓட்டினான். போகிற வழியெல்லாம் என்ன பேச வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனேன். அவன் ஹெல்மெட்டுக்குள் என்ன முகம் வைத்திருந்தான் என்று எனக்குத் தெரியாது.

பெங்களூர் ரோட்டில் லாரிச் சத்தம். உள்ளே ஒரு மூலை மேஜையில் உங்கள் அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் எனக்கு முன்னமே வந்து உட்கார்ந்திருந்தார். யார் முதலில் பேசுவது என்று இருவரும் காத்திருந்ததில் சர்வர் வந்துதான் முதலில் பேசினான். அவர் பொங்கல் சொன்னார். எனக்கும் பொங்கல்தான் வேண்டும். ஆனால் அவர் சொல்லிவிட்டதால் பூரி சொன்னேன். பரத் எதுவும் வேண்டாம் என்று எங்களுக்கு நடுவில் உட்கார்ந்தான்.

“சம்மந்தி, நான் நேரா ஒண்ணு கேக்கறேன்” என்று உங்கள் அப்பா ஆரம்பித்தார். “பால் விசயத்துல உங்க கட்சி இன்னா சொல்லுது?”

“கனடாப் பால்காரனை வுட்டுக்குடுக்க மாட்டோம், வெளிநாட்டுப் பாலை இஷ்டத்துக்கு உள்ள வுட மாட்டோம்னு சொல்லுது. உங்க கட்சி?”

“எங்க கட்சியும் அதான் சொல்லுது.”

இத்தனை நாள் சண்டையில் பால் விஷயத்தை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. இரண்டு கட்சியும் ஒத்துப்போகும் இடத்தை எந்தக் கட்சியும் விளம்பரம் செய்வதில்லை போலிருக்கிறது. “அப்போ பால்ல சண்டை இல்ல” என்று அவர் சொன்னார். “இல்ல” என்றேன். இரண்டு டீ சொன்னோம். அடுத்தபடியாக அவர் இரும்பு வரிக்கு வந்தார். நான் குரலை உயர்த்தினேன். அவரும் உயர்த்தினார். பக்கத்து மேஜைக்காரர்கள் நாங்கள் கனடாவிலிருந்து வந்தவர்கள் என்றே நினைத்துவிட்டார்கள். அப்போதுதான் பரத் பேசினான்.

“நைனா, மாமா, ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. அமெரிக்கா கனடா மேல மட்டுமா வரி போட்டுச்சு? நம்ம மேலயும்தான் போட்டுச்சு. எங்க பட்டறை சரக்கு முழுக்க அங்கதான் போய்கினு இருந்திச்சு. ஆர்டர் நின்னு ரெண்டு மாசம் ஆவுது. வாரத்துல மூணு நாளுதான் வேலை. மீதி நாள்ல பைக் டாக்ஸி ஓட்டிகினு கீறேன். உங்க ரெண்டு பேர்ல யாருனா ஒருத்தர் கேட்டீங்களா?”

அவன் சத்தமாகச் சொல்லவில்லை, மாப்பிள்ளை. “சாவி எங்கே” என்று கேட்கும் அதே குரலில் சொன்னான். காலையில் அதே நேரத்துக்கு அதே டிபன் டப்பாவோடு கிளம்பினானே, நான் எப்படிக் கண்டுபிடிப்பேன் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். ஆனால் அமெரிக்கா எதெதற்கு எவ்வளவு வரி போட்டது என்று வீராசாமி கடை முழுக்க மனப்பாடமாகச் சொன்னவன் நான். என் வீட்டுக்கு வந்த வரி எனக்குத் தெரியவில்லை. பூரி ஆறிப்போயிற்று. உங்கள் அப்பா தன் பொங்கலைப் பரத் பக்கம் தள்ளினார். “துன்னு மொதல்ல” என்றார். அவன் மறுக்காமல் சாப்பிட்டான். பசியோடுதான் என்னைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறான்.

பிறகு கனடாவைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆவடியில் தன்னோடு சர்க்கார் உத்தியோகத்தில் இருந்த ராமன் என்பவரின் மகன் பம்பு செட்டுப் பட்டறை வைத்திருப்பதாகவும், உள்ளூரிலேயே விற்பதால் அங்கே வேலைக்குக் குறைவில்லை என்றும் உங்கள் அப்பா சொன்னார். மறுநாளே தன் மொபெட்டில் பரத்தை அழைத்துப்போய் அறிமுகப்படுத்தினார். மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து போக அவனுக்கு வெட்கம், ஆனாலும் போனான். இப்போது மீதி நாட்களில் அங்கே வேலை. கைக்கு வருவது பழையபடி இல்லை, ஆனால் வெயிலில் ஆள் ஏற்றி இறக்க வேண்டியதில்லை. இதைச் செய்துகொடுத்த மனிதரோடு நான் எந்த முகத்தோடு சண்டை போடுவேன்? கடையிலிருந்து கிளம்பும்போதே கையைப் பிடித்துக்கொண்டு, “எழிலு சொல்றதுலயும் நாயம் கீது சம்மந்தி, நான்தான் காது குடுக்கல” என்றேன். அவரும் கலங்கிப்போய், “விக்ரமு ஒண்ணும் வெவரம் கெட்டவன் இல்ல, நான்தான் வாய வுட்டேன்” என்றார். பில்லை யார் கொடுப்பது என்று மட்டும் சின்னதாக ஒரு தள்ளுமுள்ளு நடந்தது. அது அன்பினால்.

ஆகவே மாப்பிள்ளை, இந்தக் கடிதத்தின் சாரம் இதுதான். கிஷோருக்குத் தை மாதம் எங்கள் வீட்டில், தாய்மாமன் பரத் மடியில் உட்காரவைத்துக் காது குத்துகிறோம். உங்கள் அப்பாவின் தேக்சா வருகிறது. முருங்கைக்காய்க்கு இருந்த தடையை நான் முறைப்படி நீக்கிவிட்டேன். உங்கள் மாமியார் அதற்கும் “சரி” என்றாள். நீங்கள் தைரியமாக டிக்கெட் எடுக்கலாம். ஒரே ஒரு வேண்டுகோள். வரும்போது அந்த இரண்டு போர்டுகளையும் பிடுங்கிக் கார் ஷெட்டில் போட்டுவிட்டு வாருங்கள். கட்சி என்பது பிழைக்கப் போன இடத்தில் பொழுதுபோக்குக்கு நல்லது. அதற்காகக் குடும்பத்தில் பெரியவர்கள் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்திருக்கும் நிலைமை இனி எந்தக் காலத்திலும் வரக்கூடாது. நானும் உங்கள் அப்பாவும் இனி கனடா அரசியல் பேசுவதில்லை என்று பேசி முடித்துவிட்டோம். பெரியவர்கள் நாங்களே திருந்திவிட்டோம் என்றால், படித்த பிள்ளைகள் உங்களுக்குக் கஷ்டமிருக்காது.

உங்கள் மூவருக்கும் எங்கள் ஆசீர்வாதம். வேலையில் மேன்மேலும் உயர்ந்து, சளி இருமல் இல்லாமல், புருஷன் பெண்சாதி ஒரே வண்டியில் போய் ஒரே வண்டியில் திரும்பி வாழ வேண்டும். கிஷோர் கன்னத்தில் எனக்காக ஒரு முத்தம். தாடி குத்தினால் அழுவான், மழித்துவிட்டுக் கொடுக்கவும்.

இப்படிக்கு, உங்கள் நலத்தையே நினைத்திருக்கும்,
மாமனார் எத்திராஜ்.

பி.கு.: உறையை ஒட்டும் சமயத்தில் உங்கள் அப்பா ஆட்டோவில் தேக்சாவை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். வாசலுக்கே போய் வரவேற்றேன். தேக்சாவைப் பாதி இறக்கியிருந்தோம். மரியாதைக்காக அவர் ஒரு வார்த்தை சொன்னார்: “சம்மந்தி, நானும் ரோசனை பண்ணிகினே இருந்தேன். நீங்க சொன்னதுதான் சரி. பேசித்தான் ஆவணும். சிவப்புக் கட்சி செஞ்சதுல தப்பே இல்ல.” நான் அதோடு விட்டிருக்கலாம். ஆனால் நானும் இந்த வாரம் முழுக்க யோசித்து, எழிலரசி சொன்னதுதான் சரி, வரியையும் எடுத்துவிட்டு ஒப்பந்தமும் வாங்காமல் வந்தது என்ன பேச்சுவார்த்தை என்ற முடிவுக்கு வந்திருந்தேன். மரியாதைக்காக நானும் அதைச் சொன்னேன். அவர் தேக்சாவின் காதை விட்டுவிட்டு நிமிர்ந்தார். நான் ஆவணியில் பேசியதையெல்லாம் அவர் இப்போது என்னிடமே பேசுகிறார், அதுவும் என்னைவிட மோசமாக. அவர் அப்போது சொன்னதில் எவ்வளவு விஷயம் இருந்தது என்பது நான் சொல்லும்போதுதான் எனக்கே புரிகிறது. ஆட்டோக்காரர் “எறக்கணுமா ஏத்தணுமா, ஒண்ணு சொல்லுங்க, சவாரி போவணும்” என்று நின்றுகொண்டிருக்கிறார். நான் உள்ளே வந்து இதை எழுதுகிறேன். டிக்கெட் இப்போதைக்கு எடுக்க வேண்டாம். பரத் வேலைக்கு மட்டும் ஆபத்தில்லை, ராமன் மகனுக்குக் கனடாவைப் பற்றி எந்த அபிப்பிராயமும் கிடையாது. எழிலரசியிடம் அவள் கட்சிக்கு மண்ணூர்பேட்டையில் ஒரு ஆள் சேர்ந்திருப்பதாகச் சொல்லவும். உங்களுக்கும் நஷ்டமில்லை, மாப்பிள்ளை. வாசலில் கத்திக்கொண்டிருப்பவர் உங்கள் ஆள்தான்.